நட்டுவின் மாத்திரை

நட்டு அன்று காலையும் கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

கிண்ணத்தில் வேகவைத்த கறி. கறிக்குள் ஒரு மாத்திரை. நாய்க்கு இதயம் பலவீனம். மாத்திரை நின்றால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும் என்று கால்நடை மருத்துவர் கறாராகச் சொல்லியிருந்தார். இருமல் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அப்பாவை அனுப்பிவைத்த கையோடு, அவர் விட்டுப்போன இந்த உயிரையும் அவர் பின்னாலேயே அனுப்பிவிடுவோமோ என்று மகள் பயந்தாள்.

மகள் பொறியாளர். நின்றுபோன லிஃப்ட் ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்பது அந்தத் தொழிலின் பாடம். இடத்தை மாற்றினாள். கிண்ணத்தை மாற்றினாள். மாத்திரையைப் பொடித்து முட்டையில் கலந்தாள். முதல் சில நாள் மாத்திரையைத் துப்பினாலும் சோறாவது தின்ற நாய், இப்போது மாத்திரை கலக்காத சோற்றைக்கூடத் தொடவில்லை.

அப்பா வீட்டிலேயே தங்கியிருந்தவளிடம் கணவன் போனில் கேட்டான். "சாப்பிட்டுச்சா?"

"இல்ல."

"சரி, நீ உன் இரும்புச்சத்து மாத்திரையப் போட்டியா?"

"அப்புறம் பேசறேன்."

அந்த அட்டை கைப்பைக்குள் பிரிக்காமலே கிடந்தது. அப்பா வழி ரத்தம்.

அப்பா பேருந்துப் பணிமனையில் பிரேக் மெக்கானிக்காக இருந்தவர். ஒருநாள் வண்டிக்கு அடியில் படுத்து, கீழே விழுந்த நட்டைத் துழாவியபோது கைக்கு வந்தது ஒரு நாய்க்குட்டி. பெயரும் அங்கேயே வைத்தாயிற்று. பிரேக்கில் மயிரிழை கோளாறு இருந்தாலும் வண்டியை வெளியே விடாத மனிதர், தன் உடம்பு விஷயத்தில் மட்டும் மெத்தனம். ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்த நாளிலும் "ஓடுற வண்டிய யாராச்சும் ஷெட்டுல ஏத்துவாங்களா?" என்பார். மாத்திரை வாங்குவார், விழுங்க மாட்டார். மகள் தினமும் போன் போட்டு நச்சரித்தாள். ஒரு கட்டத்தில் மனிதர் வழிக்கு வந்தார். "போட்டாச்சும்மா, ரெண்டு பேரும் போட்டாச்சு" என்று சிரிப்பார். தன் பிடிவாதம் அவர் பிடிவாதத்தை ஜெயித்துவிட்டதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

சாயங்காலம் நட்டுவுக்குச் சங்கிலி மாட்டி வெளியே கூட்டிப்போனாள். நாய்தான் அவளைக் கூட்டிப்போனது என்பதே சரி. அப்பா தினமும் போன பூங்காவில், ஒரு மரப்பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றது.

"நட்டு வந்தாச்சு!" என்றார் பெஞ்சில் இருந்த தையல்காரம்மா. கழுத்தில் அளவு நாடா, மடியில் வெள்ளை நாய். "நீதான் நட்டு அக்காவா? வா கண்ணு, உட்காரு."

அங்கே மனிதர்களுக்குச் சொந்தப் பெயர் செல்லாது. நாயின் பெயரோடு உறவு சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். தையல்காரம்மா 'பஞ்சு அம்மா'. அப்பா 'நட்டு அப்பா'வாக இருந்திருக்கிறார். அந்த முறையில் மகள் நாய்க்கு அக்கா.

பக்கத்தில் பேக்கரிக்காரர். அவர் காலடியில் கன்றுக்குட்டி அளவில் ஒன்று. "பேருதான் சுல்தான்" என்றார். "வீட்ல மிக்ஸி போட்டா கட்டிலுக்கு அடியிலதான் தர்பார்."

"அது பரவாயில்ல. நான் வேற நாயத் தடவிட்டு வந்தா, பஞ்சு அன்னைக்கெல்லாம் சுவரப் பாத்து உட்காந்துக்கும். என் மாமியார்கூட அவ்வளவு மூஞ்சியத் தூக்கினதில்ல."

மகள் சிரித்துவிட்டாள். அப்பா போன பிறகு முதல் சிரிப்பு. சிரித்ததும் கண் நிறைந்தது. கறி, முட்டை, மாத்திரை என்று எல்லாவற்றையும் கொட்டினாள்.

"சோத்துல ஒளிச்சியா!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

பேக்கரிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாங்க எல்லாருமே பண்ணித் தொலைச்ச தப்புதாம்மா. ஒரு தடவ கசந்துச்சுன்னா, அப்புறம் தங்கத் தட்டுல வெச்சாலும் சந்தேகப்படும்."

"எங்கப்பா எப்படிக் குடுத்தாரு?"

"உங்கிட்ட சொல்லவே இல்லையா?" தையல்காரம்மா நாற்காலி இழுக்காத குறையாக நெருங்கி உட்கார்ந்தார். "இதுக்கு இதயத்துல கோளாறுன்னு கண்டுபிடிச்ச புதுசு. குடுத்ததெல்லாம் துப்புச்சாம். மனுஷனுக்குக் கோவம் வந்துடுச்சு. 'இதென்ன விஷமா? பாரு, நானே முழுங்கறேன்'னு, பிரிக்காம வெச்சிருந்த தன் பிரஷர் மாத்திரைய எடுத்து வாயில போட்டுக்கிட்டாரு. அதப் பாத்துட்டுத்தான் இது வாயத் திறந்துச்சு. அதுலேருந்து அவரு போட்டாத்தான் இது போடும்."

"ஏமாத்தியும் பாத்தாரே!" என்றார் பேக்கரிக்காரர். "வெறுங்கைய வாயில வெச்சு முழுங்கற மாதிரி நடிச்சாராம். இது அவர் தொண்டையவே பாத்துட்டு நின்னுச்சாம். 'டாக்டர ஏமாத்தலாம், பெத்த பொண்ண ஏமாத்தலாம், இந்தக் கழுதைய ஏமாத்த முடியலைங்க'ன்னு இதே பெஞ்சுல உட்காந்து புலம்புவாரு."

மகள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில்தான் அவளுக்குக் குழந்தை பிறந்தது. அப்பா வந்து பேரனைத் தோளில் சுமந்தார். அவன் சைக்கிள் பிரேக்கைக் கழற்றிக் காட்டி, "வேகமாப் போறது பெரிசில்லடா, நிக்கத் தெரியணும்" என்றார். கடைசியில் வலி தெரியாமல் தூக்கத்தில் போனார். அத்தனை வருஷங்களும் தன் நச்சரிப்பால் கிடைத்தவை என்று நினைத்திருந்தாள். உண்மையில் அவற்றை வாங்கித் தந்த ஆள் காலடியில் படுத்து இருமிக்கொண்டிருந்தது.

குனிந்து அதன் காதுக்குப் பின்னால் சொறிந்தாள். "நீ நல்லா இருக்கணும்டி" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கைப்பையைத் திறந்தாள். தன் அட்டையைப் பிரித்தாள். ஒரு உள்ளங்கையில் தன்னுடையது, மறு உள்ளங்கையில் நட்டுவுடையது.

"எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு."

தன்னுடையதை வாயில் போட்டாள். இரும்பு ருசி. பழக்கதோஷம், நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டாள். நட்டு அசையவில்லை. அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி, சரி" என்று தண்ணீரை எடுத்துக் குடித்து விழுங்கினாள்.

நட்டு எழுந்து வந்தது. அவள் வாயருகே மோந்து பார்த்தது. பிறகு கையிலிருந்த மாத்திரையை ஏதோ பெரிய மனதோடு எடுத்துக்கொண்டது. புதிதாக வைத்த கறியை, கிண்ணம் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டும்வரை நக்கித் தீர்த்தது.

போன் அடித்தது. "மாத்திரை?" என்றான் கணவன்.

"போட்டாச்சு. ரெண்டு பேரும் போட்டாச்சு."

"ரெண்டு பேரா?"

"நேர்ல சொல்றேன். என்னைக் கூட்டிட்டுப் போக வர்றப்போ கார் பின் சீட்டுல ஒரு பழைய போர்வைய விரிச்சு எடுத்துட்டு வாங்க. என் தங்கச்சியும் வர்றா."