ஒரே சுருதியில் இரண்டு பேர்

தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பேகம்பேட்டிலிருந்து செகந்திராபாத் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஆலை கேண்டீனில் இரண்டு வருஷம் நிலைத்த வேலை, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் போயிருந்தது. காரணம் என் குரல்.

அங்கே பரிமாறுகிறவர்கள் இரண்டு பேர். சாப்பாட்டு மணி அடித்ததும் கூட்டம் மொத்தமாக உள்ளே வரும். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியாகக் கத்துவோம். சமையல்காரர் அடுப்பைப் பார்த்தே நிற்பார், திரும்ப மாட்டார். கட்டைக் குரல் கேட்டதை வலது பக்கம் வைப்பார், கீச்சுக் குரல் கேட்டதை இடது பக்கம். கீச்சு நான். எவ்வளவு இரைச்சலிலும் பிசகியதில்லை.

கட்டைக் குரல்காரர் பம்பாய்க்குப் போனார். அவர் இடத்துக்கு வந்தவனுக்கும் கீச்சுக் குரல். முதல் நாளே தயிர்சாதம் கேட்டவர்களுக்குச் சப்பாத்தி போயிற்று. சப்பாத்தி கேட்டவர்களுக்கு ஒன்றும் போகவில்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே தொண்டையாடா? ஒருத்தனே ரெண்டு தடவ கேக்கிற மாதிரி இருக்கு," என்றார் சமையல்காரர். யாராவது ஒருவன் குரலை மாற்ற வேண்டும் என்றார்.

யார் என்று நாங்கள் பேசி வைத்திருக்கலாம். எங்களுக்குள் பேச்சில்லை. மறுநாள் நான் குரலைத் தாழ்த்தினேன். அவனும் தாழ்த்தினான். அதற்கடுத்த நாள், அவன்தான் தாழ்த்திவிட்டானே என்று பழையபடி உயர்த்தினேன். அவனும் அப்படியே நினைத்திருக்கிறான். சமையல்காரர் முதல்முறையாக அடுப்பை விட்டுத் திரும்பினார். கேலி செய்கிறோம் என்று எடுத்துக்கொண்டார். ஒருவன் போனால் போதும் என்றார். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றவன் நான்.

ஸ்டேஷனில் படுத்தேன். காலையில் பசியோடு எதிரே இருந்த டிபன் கடை வாசலில் நின்று காது கொடுத்தேன். உள்ளே ஒரே சர்வர். பீப்பாய் உருட்டுகிற குரல்.

கல்லாவில் இருந்தவரிடம் வேலை கேட்டேன். ஊருக்கு வந்து வெகுகாலமான தமிழர்.

"ஆள் நக்கோப்பா," என்றார். வேண்டாம் என்பதற்கு அந்த ஊர்ப் பேச்சு.

போகவில்லை. சர்வர் நான்கு இட்லி என்று உள்ளே சொன்ன அதே நேரத்தில், பக்கத்து மேஜைக்காரர் கேட்ட இரண்டு பூரியை நான் கத்தினேன். இட்லி சர்வர் பக்கம் வந்தது, பூரி என் பக்கம். கல்லாக்காரர் இரண்டு தட்டையும் பார்த்தார். கை கழுவிக்கொண்டு வரச் சொன்னார்.

அந்த சர்வர் வேறு எங்காவது போகிற யோசனையில் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

"ரெண்டு பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணணும். அவன் எங்க போவான்?"

சேர்ந்துவிட்டேன்.