அவர் வரைந்த என் பக்கம்

மலாயா சுதந்திரம் பெற்ற ஆண்டு அது. மலாக்கா காஜா பேராங்கில் ஒரு சிறிய அச்சகத்தில் அச்சுக் கோத்துக்கொண்டிருந்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன்; அதிகம் பேசவும் மாட்டேன். ஆனால் கணக்குப் பாடம் வந்தால் முதலாளி என்னைத்தான் தேடுவார். ஈய எழுத்துகளைப் பின்னமாக மேலும் கீழும் அடுக்கி, பித்தளைத் தகட்டை வளைத்து வர்க்கமூலக் குறி செய்வது அங்கே எனக்கு மட்டுமே தெரியும்.

பிறகு, பல தலைமுறைக்கு முன்பே தமிழை மறந்துவிட்ட செட்டிகள் வாழும் கம்போங் செட்டியிலிருந்து ஒருவர் வேலைக்கு வந்தார். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய் மட்டும். எழுத்தைத் தொடுவதற்கு முன்பே, பக்கம் முழுவதையும் அதே அளவுத் தாளில் பென்சிலால் வரைந்துவிடுவார். எந்தப் பின்னம் எங்கே, எவ்வளவு இடைவெளி, எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்துக் கோப்பார். முதல் ப்ரூஃபிலேயே பக்கம் சரியாக வந்துவிடும். நானோ குத்துமதிப்பாகக் கோத்து, பிரித்து, மறுபடி கோப்பவன்.

“பாத்தியாப்பா? நீ கோத்துக் கோத்துப் பிரிக்கிற. அவரு வரைஞ்சே முடிச்சிட்டாருலா!” என்று முதலாளி சிரித்தார்.

அன்றிலிருந்து எனக்கு அவருடைய பென்சிலைப் பார்த்தாலே எரிந்தது.

ஓர் ஆசிரியர் அச்சடிக்க அல்ஜீப்ரா புத்தகம் கொண்டுவந்தார். ஆளுக்கொரு பக்கம் கோக்க வேண்டும். நன்றாகச் செய்தவருக்கே முழுப் புத்தகமும் என்றார் முதலாளி. தோற்றால் எனக்கு இனிக் கல்யாணப் பத்திரிகை கோக்கும் வேலைதான்.

என் பக்கம் முடிந்தது. எழுத்துகள் கலையாமலிருக்கச் சுற்றிலும் நூல் கட்டும்போதும் என் கண் அவர் மேசைமேல்தான் இருந்தது. கட்டு தளர்ந்ததைக் கவனிக்கவில்லை. தூக்கியதும் பக்கம் முழுவதும் தரையில் கொட்டியது.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் குனிந்து எழுத்துகளைப் பொறுக்கினார். பிறகு தம் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். என் பக்கம்! ஒவ்வொரு பின்னமும், குறியின் வளைவும் அப்படியே.

“சாயா செம்புரு, ஆபாங்,” என்றார் சிரித்துக்கொண்டே. பொறாமையாக இருக்கிறது அண்ணே என்று அர்த்தம். என்னைப் போல் தகட்டை வளைக்க அவருக்கு வரவில்லையாம். அதனால் பார்த்துப் பார்த்து வரைந்தாராம்.

அந்தத் தாளை வைத்து இருவருமாக மறுபடி கோத்தோம். புத்தகம் அவருக்கே போனது. வர்க்கமூலக் குறிகளை மட்டும் கடைசிவரை என்னிடமே கேட்டு வாங்கினார்.

‘எனக்கும் செம்புருதான்’ என்று சொல்வதற்குப் பதில், அன்று இன்னொரு தகட்டை வளைத்து அவரிடம் நீட்டினேன். அவரால் சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்ததே, இன்றும் எனக்கு அதன்மேல்தான் பொறாமை.