டிம்ப்னா கோய்ல் பேசி முடித்த பேரம்

டிம்ப்னா கோய்லிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் எங்கள் ராஸ்கேர்ன் மேட்டில் யாரும் கிடையாது. பதினைந்து வயசில் சட்டைக் கம்பெனிக்குப் போய், காலர் தைக்கும் வரிசையில் உட்கார்ந்தவள். கூலியைக் குறைக்கப் போகிறோம் என்று சூப்பர்வைசர் வந்து நின்றால் மற்ற பெண்களெல்லாம் குனிந்த தலையோடு ஓரக்கண்ணால் அவளைத்தான் பார்ப்பார்கள். அவள் மிஷினை நிறுத்துவாள். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பாள். அதற்குள்ளேயே அந்த ஆளுக்குப் பாதி வியர்த்துவிடும். வட அயர்லாந்தின் டெரி நகரத்தில் எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப் பேருக்கு அப்போது வேலை கிடையாது, பெண்களின் தையல் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. டிம்ப்னாவின் புருஷன் கட்டட வேலைக்கு இங்கிலாந்து போனவன், போனவன் போனவன்தான். மூன்று பெண்களையும் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் மிச்சமிருந்தது கடைக்குட்டி டோனல் மட்டும்.

எங்களை ஆள்வது இங்கிலாந்து ராணி என்று தபால்தலையில் போட்டிருந்தது. மேட்டை ஆண்டது பையன்கள். அந்த ராணியை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், தொந்தி விழுந்த நாற்பது வயசுக்காரனும் அந்தக் கணக்கில் பையன்தான். போலீஸ் மேடேறினால் இரும்புக் கவச வண்டியில், முன்னும் பின்னும் பட்டாளத்தோடுதான் ஏறும். டிவி திருட்டுப் போய்விட்டது என்று அவர்களிடம் சொன்னால் டிவியை விட்டுவிட்டு, எதிர்வீட்டுக்கு யார் யார் வந்துபோகிறார்கள் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னவனை நாலு நாள் கழித்து எல்லைப் பக்கத்து ரோட்டோரத்தில் போய்ப் பிணமாகப் பொறுக்க வேண்டும். அதனால் எல்லாரும் போய் நின்றது மீன் வறுவல் கடையை ஒட்டியிருந்த ஆலோசனை மையத்தில். அங்கே பையன்கள் சார்பில் மாலக்கி டோலண்ட் உட்கார்ந்திருப்பான்.

மாலக்கி குடிக்க மாட்டான், சிகரெட் பிடிக்க மாட்டான், ஞாயிற்றுக்கிழமை பூசை தவற மாட்டான். வேலித் தகராறு, புருஷன் பெண்டாட்டி சண்டை, ஒழுகும் கூரை, எல்லாம் அவனிடம் வரும். நகராட்சிக்கு எழுதிப்போட்டால் ஆறு மாசம் இழுக்கிற கக்கூஸ் குழாயை அவன் ஒரே போனில் மறுநாளே சரிபண்ண வைப்பான். அந்தக் காலத்தில் நல்ல ஒழுங்கு இருந்தது என்று இன்றைக்கும் சொல்கிற ஜனங்கள் உண்டு. கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து போய்விடுவேன். குழாய் சரியானது என்னவோ உண்மைதான், எங்கள் வீட்டுக் குழாயும் அதில் ஒன்று.

ஒரு தடவை டிம்ப்னாவின் சமையலறைக்குள் எவனோ புகுந்து காசு போட்டால் கேஸ் விடும் மீட்டரை உடைத்துச் சில்லறையை வழித்துக்கொண்டு போய்விட்டான். அவளும் மாலக்கியிடம்தான் போய்ச் சொன்னாள். அடுத்த வாரம் டோனர் வீட்டுப் பையன் ஒருவனுக்கு இரண்டு முட்டியிலும் குண்டு. அவன்தான் எடுத்தானா என்று யாரும் கேட்கவில்லை. "ஏதாவது பண்ணியிருப்பான்" என்றாள் டிம்ப்னா. கம்பெனியில் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். சொல்லிவிட்டு அவரவர் அடுத்த காலரை எடுத்தார்கள்.

அப்புறம் டோனலுக்கு வயசு பதினேழு ஆனது, கார்ப் பைத்தியம் பிடித்தது. சொந்தக் கார் வாங்க வக்கில்லாத ஊரில் கார்ப் பைத்தியம் என்றால் அடுத்தவன் காரைக் கிளப்பிக்கொண்டு போய், சக்கரம் தீயத் தீய ஓட்டி, கடைசியில் மைதானத்தில் கொளுத்திவிட்டு வருவது. அவன் ஒன்றும் தங்கக் கம்பி இல்லை. இரண்டு தடவை கூப்பிட்டு எச்சரித்தார்கள். மூன்றாம் தடவை, நாயோடு நடந்துபோன கில்லஸ்பி கிழவரை இடித்துத் தள்ளி இடுப்பை உடைத்துவிட்டான். டிம்ப்னா அவனைச் செருப்பால் அடித்தாள், கிழவருக்குச் சூப் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். அதோடு முடியும் என்று நினைத்தாள்.

அந்தத் திங்கட்கிழமை, கம்பெனி விட்டு வந்து அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, மாலக்கி கதவைத் தட்டினான்.

"உள்ள வரலாமா மிஸஸ் கோய்ல்?" மிதியடியில் ஷூவை இரண்டு தரம் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். அவள் டீ போட்டாள், கேக் அறுத்து வைத்தாள். வீட்டுக்கு வந்தவனுக்கு டீ கொடுக்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது.

"டோனல் விஷயம். முடிவாயிடுச்சு."

"என்னடா முடிவாயிடுச்சு?"

"நாலு. ரெண்டு முட்டி, ரெண்டு கணுக்கால். வேண்டாம்னா ஊரை விட்டுப் போகலாம். போனா திரும்பி வரக் கூடாது."

"எங்கடா போவான்? அவங்கப்பன் உசுரோட இருக்கானான்னே எனக்குத் தெரியாது. சட்டைக்குப் பட்டன் சரியாப் போடத் தெரியாத பய அவன்."

"அது உங்க பாடு மிஸஸ் கோய்ல். ரெண்டு தடவை சொல்லியாச்சு. கில்லஸ்பி பெரியவரு இனிமே எழுந்து நடக்கவே மாட்டாராம்."

டிம்ப்னா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"மாலக்கி, உங்கம்மாவுக்கு என் பக்கத்து மிஷின். உன்னை வயித்துல வச்சுக்கிட்டு மயங்கி விழுந்தப்ப மூஞ்சில தண்ணி அடிச்சவ நான். எங்கிட்டயே வந்து நாலுங்கற, வெக்கமா இல்ல?"

"அம்மாவுக்கும் மனசு கஷ்டம்தான். ஆனா எனக்கு மேல ஆளுங்க இருக்காங்க. நானா முடிவு பண்றதில்ல."

"உனக்கு மேல இருக்கறவங்களுக்கு எத்தனை இருந்தா ஆறும்?"

"மூணுன்னா பேசிப் பாக்கலாம்."

"ஒண்ணு."

"இதென்ன மீன் மார்க்கெட்டா மிஸஸ் கோய்ல்?"

"அப்ப நீ ஏன்டா நாலு மூணுன்னு கூறுபோட்டு சொல்ற? ஒண்ணு. முட்டி கிடையாது. ஆடுசதை. அதுவும் சின்னத் துப்பாக்கி."

மாலக்கி டீயை உறிஞ்சினான். சர்க்கரை போட்டுக் கலக்கினான். "தானா வந்து நிக்கணும். நாங்க தேடிப் பிடிக்கற மாதிரி ஆச்சுன்னா பழையபடி நாலுதான்."

"நானே கூட்டிட்டு வரேன்."

"பந்து எந்தக் கால்ல அடிப்பான்?"

"வலது."

"அப்ப இடது" என்றான். பள்ளிக்கூடத்தில் ஒரு பையனுக்கு முன்வரிசை இடம் ஒதுக்குகிற தயவு அந்தக் குரலில் இருந்தது. "வியாழக்கிழமை சாயங்காலம், கடைகளுக்குப் பின்னாடி சந்து. கேக் பிரமாதம். அம்மாவுக்கு ஒரு துண்டு எடுத்துட்டுப் போகவா?"

அவள் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

கதவைச் சாத்தியதும் அவளுக்கு ஏற்பட்டது என்ன தெரியுமா? சந்தோஷம். சூப்பர்வைசரை மடக்கிக் கூலியைத் திரும்ப வாங்கிய நாட்களில் வருமே, அதே சந்தோஷம். பக்கத்து வீட்டுக்காரி சேடியை வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே கூப்பிட்டாள்.

"நாலை ஒண்ணாக்கிட்டேன்டி."

"நிஜமாவா? முட்டியா?"

"முட்டி இல்ல. ஆடுசதை."

"கெட்டிக்காரிடி நீ" என்றாள் சேடி. "டோனர் பொம்பளையும் இருக்காளே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கலியே."

டிம்ப்னா உள்ளே வந்து, மாலக்கி குடித்த கோப்பையைக் கழுவினாள். விளிம்பில் கேக் துணுக்கு ஒட்டியிருந்தது. அதை விரலால் தேய்க்கும்போது, பெற்ற பிள்ளையின் காலைக் கூறுபோட்டு விலை பேசியது சட்டென்று உறைத்தது. கழுவும் தொட்டியிலேயே வாந்தியெடுத்தாள். குழாயைத் திறந்துவிட்டபடி வெகு நேரம் அங்கேயே குனிந்து நின்றாள்.

டோனலிடம் சொன்னபோது அவன் அழவில்லை. "ஆடுசதைன்னு சத்தியம் பண்ணினானா?" என்று மட்டும் கேட்டான். வியாழக்கிழமை வந்தது. ஏதோ விசேஷ வீடு மாதிரி அக்கம்பக்கத்தார் வந்து போனார்கள். சேடி விஸ்கி கொண்டுவந்தாள். ஒருத்தி வலி மாத்திரை கொடுத்தாள், முன்னாடியே போட்டுவிட்டால் தெரியாது என்றாள், அவள் தம்பிக்கு அப்படித்தான் செய்தார்களாம். பாதிரியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டுவிட்டுப் போனார். நல்ல பேன்ட்டைப் போடாதே, பழசைப் போடு என்று டிம்ப்னாவே எடுத்துக் கொடுத்தாள். ஊரில் இதற்கென்று ஒரு முறை இருந்தது, கல்யாணத்துக்கும் சாவுக்கும் இருக்கிற மாதிரி. எல்லாருக்கும் அது அத்துப்படி. அந்த அத்துப்படியை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் காறித் துப்பத் தோன்றுகிறது. ஒருத்தராவது, கிறுக்குப் பிடித்துவிட்டதா உங்களுக்கு என்று கேட்டிருக்கலாம். நானும் அந்த வரிசையில்தான் நின்றேன்.

தாயும் பிள்ளையும் ஆறுமணிப் பூசை மணி அடிக்கும்போது இறங்கிப் போனார்கள். வழியில் ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னல் திரை மூடியது. சந்து முனைக்குப் போய்ப் பார்த்தால், அங்கே ஆம்புலன்ஸ் நிற்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. பையன்கள் முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிவிட்டார்கள், அதுவும் அவர்களுடைய ஒழுங்குதான். டிரைவர் வினிகர் ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவலைக் காகிதத்தில் வைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

டிம்ப்னா ஆம்புலன்ஸ் கண்ணாடியைத் தட்டினாள். "பின்கதவைத் திற. இவனை ஏத்து."

டிரைவர் டோனலை மேலும் கீழும் பார்த்தான். "இவனுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லாதப்பவே ஏத்திட்டுப் போ. ஆஸ்பத்திரி வரைக்கும் போதும், அப்புறம் நான் பாத்துக்கறேன்."

"அம்மா, எங்களை அடிபட்டவனுக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க."

"அடிபடறதுக்காகக் காத்துக்கிட்டிருக்கியேடா, பாவி! சுடற வரைக்கும் உக்காந்து திங்கறியே, தொண்டையில எறங்குதா உனக்கு?"

அவன் காகிதத்தை மடித்து வைத்துவிட்டான். முகம் செத்துப்போயிருந்தது. "இன்னிக்கு உங்க பையனை ஏத்திட்டுப் போனா நாளையிலேருந்து இந்த மேட்டுக்கு ஆம்புலன்ஸ் வர விட மாட்டாங்க. இங்க பிரசவத்துக்குப் போக வேண்டிய பொண்ணு இருக்கா, நெஞ்சு வலிக்காரன் இருக்கான். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

ஐம்பதை நெருங்கும் வயசில், பேச்சில் அவள் தோற்றது அன்றைக்குத்தான். டோனலின் சட்டைக் கையைப் பிடித்தாள். "வாடா, ஓடிரலாம். பாலத்தைத் தாண்டிட்டா போதும், இவங்க கைக்கு எட்டாது."

"சும்மா இரும்மா" என்றான் டோனல். விஸ்கி வாடை வீசியது. "ஓடினா நாலு. நீ கஷ்டப்பட்டு ஒண்ணாக்கி வச்சிருக்க, அதைக் கெடுக்காத."

கையை விடுவித்துக்கொண்டு சந்துக்குள் நடந்தான். முகமூடி போட்ட இரண்டு பேர் குப்பைத் தொட்டி பக்கத்தில் நின்றார்கள். அவனே தரையில் குப்புறப் படுத்தான், வலது காலை ஒதுக்கி வைத்துக்கொண்டான், இடது காலை நீட்டினான். யாரிடம் படித்தான் இதை? எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது தெரியும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சத்தம் ஒன்றுதான் கேட்டது. பேசியபடி ஒன்றே ஒன்று. ஆனால் ஆடுசதையில் போகவில்லை, எலும்பைத் தூளாக்கிவிட்டது. மூன்று ஆபரேஷனுக்குப் பிறகும் அந்தக் கால் குட்டையாகவே நின்றுபோனது.

மாலக்கி ஆஸ்பத்திரிக்குத் திராட்சை வாங்கிக்கொண்டு வந்தான். "ரொம்ப மன்னிக்கணும் மிஸஸ் கோய்ல். தானா வர்ற கேஸ், சுலபமா இருக்கும்னு புதுப் பையன் ஒருத்தனுக்குக் குடுத்தோம். கை நடுங்கிருச்சு. அவனைக் கண்டிச்சாச்சு."

"அவனுக்கு எங்க வச்சுப் பழக்குனீங்க? எம்புள்ள கால் மேல வச்சா?" என்றாள் டிம்ப்னா. திராட்சையைத் தூக்கிக் குப்பையில் போட எழுந்தாள். அதற்குள் டோனல் கொத்தில் பாதியைத் தின்றுவிட்டிருந்தான்.

கம்பெனியில் அவளுக்குப் பெரிய பேர் ஆகிவிட்டது. பிள்ளைக்கு முறை வந்த பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள், மாலக்கியிடம் எப்படிப் பேசணும், எத்தனையில் ஆரம்பிக்கணும் என்று கேட்டார்கள். அவள் கதவைச் சாத்துவாள். நாலைந்து பேர் கெஞ்சி அழுதபோது திறந்தாள், கூடவே போனாள், பேசினாள். ஒவ்வொரு தடவையும் குறைத்துக்கொண்டுதான் வந்தாள். வீட்டுக்கு வந்து வாந்தியெடுத்தாள்.

அப்புறம் சமாதானம் வந்தது, பட்டாளம் போனது. சட்டைக் கம்பெனியையும் மூடினார்கள். மாலக்கி கோட்டும் டையும் போட்டு நகரசபைத் தேர்தலுக்கு நின்றான். தெருவுக்குத் தெரு அவன் படம், 'பாதுகாப்பான குடும்பங்கள்' என்று கீழே எழுத்து. தொண்டைக்குள்ளிருந்து எச்சிலைத் திரட்டாமல் டிம்ப்னாவால் அந்தப் படங்களைத் தாண்டிப் போக முடியவில்லை.

ஒருநாள் கடையிலிருந்து வந்தால், வாசல் விளக்குக் கம்பத்தில் ஏணி சாய்ந்திருக்கிறது. மேலே டோனல். டாக்ஸி ஆபீசில் போன் எடுக்கும் வேலை பார்த்து உடம்பு பெருத்துப்போயிருந்தது. கையில் மாலக்கியின் படம்.

"எறங்குடா. அவன் மூஞ்சிய எதுக்கு என் வாசல்ல தொங்கவிடற?"

"ஏணியப் பிடிம்மா, ஆடுது. நல்ல மனுஷன்மா அவரு. நம்மகிட்ட நியாயமாத்தான் நடந்துக்கிட்டாரு."

"நியாயமா?"

"நாலு போட வேண்டியது. ஒண்ணோட விட்டாருல்ல?"

"அந்த ஒண்ணு நான் பேசினதுடா, சனியனே!"

"தெரியாதா எனக்கு?" டோனல் மேலிருந்து சிரித்தான். "பப்ல இன்னிக்கும் அதைத்தான் சொல்லிட்டிருப்பேன். எங்கம்மா மாதிரி பேரம் பேச இந்த ஊர்லயே ஆள் கிடையாதுன்னு. எல்லாரும் கை தட்டுவானுங்க. சரி, அந்தக் கட்டுக்கம்பிய எடுத்துக் குடு."

அவள் முகத்துக்கு நேராக அவனுடைய இடது கால் ஏணிப்படியில் நடுங்கிக்கொண்டிருந்தது. விட்டால் விழுந்துவிடுவான். ஒரு கையால் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கம்பியை எடுத்து நீட்டினாள்.