மிஷின் நின்ற நேரம்

எங்கள் சந்தில் சஃப்ரீனைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் எதிர்வீட்டுக்காரி, கோகிலவாணி. காலையில் இட்லி விற்கிறவள், வாயாடி என்று பேர் வாங்கியவள். கண்ணால் பார்த்தவள் நான்தான் என்பதால் என் கதையையும் கேளுங்கள்.

தாராவியில் நசீர் பாயின் தோல் பை தைக்கும் கார்கானா கீழே, வீடு மேலே, நடுவில் ஓர் இரும்பு ஏணி. தையல் மிஷின்கள் காலையில் ஆரம்பித்தால் பேசுகிறவன் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். பாய்க்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சஃப்ரீன். இளையவன் ராஹில், வாலிப வயது வந்தும் பேச்சு வராதவன். சின்ன வயதில் ஆஸ்பத்திரியில் ஆட்டிசம் என்று சொன்னபோது அந்த வார்த்தை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவன் தாய் சைனப் அவனைத் தர்கா தர்காவாகத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். என் பங்குக்கு நானும் சுடலைமாடனுக்கு நேர்ந்துகொண்டேன்.

சஃப்ரீன் செய்தது வேறு. தம்பியை பஸ் ஏற்றி, செம்பூரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக இருக்கும் ஒரு மையத்துக்குக் கூட்டிப் போனாள். அவன் வரும்வரை வெளியே உட்கார்ந்திருந்தவள் மெல்ல உள்ளே போய் ஒத்தாசை செய்ய ஆரம்பித்தாள். பிறகு அங்கேயே வேலை. தபாலில் பி.ஏ. முடித்தாள். அதற்கும் மேலே இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறதாம், ஆட்டிசமும் நடத்தைப் பகுப்பாய்வும். அதற்கு விண்ணப்பம் போடப் போகிறேன் என்றாள்.

நடத்தையைப் பகுக்க எதற்கம்மா ஒரு எம்.ஏ., எங்கள் சந்துப் பெண்கள் அதை தினமும் குழாயடியில் செய்கிறோமே என்று நான் கிண்டல் பண்ணினேன். அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "அப்படி இல்ல அத்தை. ஒரு புள்ள ஒண்ணு செய்யுதுன்னா அதுக்கு முன்னால என்ன நடந்துச்சு, பொறவு என்ன நடந்துச்சுன்னு பாக்கணும். புள்ளையத் திட்டுறதுக்கு முன்னால அதப் பாக்கணும்." எனக்கு அது பெரிய சமாச்சாரமாகத் தோன்றவில்லை.

முதல் வருஷம் கிடைக்கவில்லை. லேப்டாப் வழியாக நேர்காணல் வைத்தார்கள். கீழே மிஷின்கள் கடகடவென்று ஓட, இவள் கூச்சப்பட்டு முணுமுணுக்க, அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இந்த வருஷம் மறுபடி போட்டாள். இதிலும் இல்லையென்றால் இனிமேல் போடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், அப்படிப்பட்ட பெண். மாட்டுங்காவில் ஒரு சிநேகிதி வீட்டில் உட்கார்ந்து பேசுகிறேன் என்றதற்கு நசீர் பாய் எகிறினார். என் மகள் பேச என் வீட்டில் இடமில்லையா என்று ரோஷம்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நசீர் பாய் மூடினார். நேர்காணலுக்கு முந்தின நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தார். மிக்சி கூடாது, டிவி கூடாது. பிளாஸ்டிக் அரைக்கிற சுடலைக்கண்ணன்கூட அன்று காலை அரவையை நிறுத்தினான். நேரம் வந்ததும் பாய் கார்கானாவின் மெயின் சுவிட்சை அணைத்தார். யாரும் மேலே ஏறிவிடாமல் ஏணி உச்சியில் என்னைக் காவல் வைத்தார்கள். முன்னால் சஃப்ரீனின் முதுகு, கீழே குனிந்தால் கார்கானா. எங்கள் சந்து அத்தனை அமைதியாக இருந்து நான் கண்டதே இல்லை.

சஃப்ரீன் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். கீழே, பைகளில் பிசிறு நூல் வெட்டுகிற ராஹில் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்தான். டிரம்மில் தண்ணீர் மோந்து, தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளு செய்தான். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான், தொழுகைப் பாயை விரித்தான், நின்றான். பிறகு மறுபடியும் போய் ஒளு செய்தான். மறுபடியும் நின்றான். மூன்றாவது முறை போய் வந்ததும் புறங்கையைக் கடிக்க ஆரம்பித்தான். அப்புறம் சுவரில் தலையை மோதினான்.

நசீர் பாய் பாய்ந்து போய் அவனைக் கட்டிப் பிடித்தார். அவன் போட்ட அலறலில் சந்தே நடுங்கியது. சைனப் மேலே மகளைப் பார்த்து, வராதே, வராதே என்று கையை ஆட்டினாள். சஃப்ரீன் லேப்டாப்பைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ இரண்டு வார்த்தை சொன்னாள். பிறகு என்னைத் தாண்டி ஏணியில் இறங்கினாள். போச்சு, இந்த வருஷமும் போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இறங்கியவள் தம்பியைத் தொடவில்லை. வாப்பாவிடம் பிடியை விடச் சொல்லிவிட்டுச் சும்மா நின்றாள். ஈரச் சட்டைக்கை, தொப்பி, விரித்த பாய், கீழே வைத்த கத்தரிக்கோல், ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மேலே பெரிய படிப்பு காத்திருக்கிறது, கீழே பையன் ரத்தம் வர மோதுகிறான், இவள் என்ன வேடிக்கை பார்க்கிறாள் என்று எனக்கு அப்படி ஒரு கோபம்.

"வாப்பா, மிசினப் போடுங்க."

"மேல ஒனக்கு இன்டர்வியூ நடக்குல்லா."

"போடுங்க வாப்பா. அவன் பாங்குக்குக் காத்துக்கிட்டு நிக்கான்."

எங்கள் எல்லாருக்கும் அப்போதுதான் உறைத்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, ஆட்கள் கை கழுவட்டும் என்று நசீர் பாய் மிஷின்களை நிறுத்துவார். கார்கானா தொடங்கிய நாள் முதல் அதுதான் வழக்கம். தினமும் பாங்கு கேட்டுத்தான் ராஹில் தொழ எழுகிறான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவன் கேட்டது அதற்கு முந்தின அமைதியை. மிஷின் நின்றால் பாங்கு வர வேண்டும், அது வரவில்லை. கரன்ட் போகும்போதெல்லாம் பையன் தலையை மோதுவானே, ஃபேன் நின்ற புழுக்கம் என்று எத்தனை வருஷம் மாற்றி மாற்றி விசிறினோம்.

பாய் சுவிட்சைப் போட்டார். மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. ராஹில் தலையை நிமிர்த்தினான். பிறகு தொழுகைப் பாயைச் சுருட்டி மூலையில் வைத்தான், தொப்பியைக் கழற்றினான், கத்தரிக்கோலைத் தேடி எடுத்தான். முப்பது வருஷமாக நான் சபித்த சத்தம் அது. அந்தப் பிள்ளைக்கு அதுதான் நிம்மதியாக இருந்திருக்கிறது.

சஃப்ரீன் மேலே வந்தாள். லேப்டாப்பில் நேர்காணல் எடுத்த டீச்சரம்மா இன்னும் இருந்தார். போன வருஷம் இதே சத்தத்தில் ஒடுங்கிப்போன பெண், இந்த முறை மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கத்திப் பேசினாள். என்ன பேசினாய் என்று பிறகு கேட்டேன். என்ன நடந்தது என்று அவர் கேட்டாராம், பார்த்ததைச் சொன்னாளாம். அவனோடே வளர்ந்தும் இத்தனை நாள் எனக்கும் தெரியவில்லை, இன்றைக்குத்தான் தெரிந்தது என்றும் சொன்னாளாம். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. கேட்க வேண்டிய கேள்விகள் பாதி அப்படியே நின்றுபோயின. தகவல் அனுப்புகிறோம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அதன் பிறகு நசீர் பாய் சரியாகச் சாப்பிடவில்லை. போன வருஷம் சத்தத்தால் கெடுத்தேன், இந்த வருஷம் அமைதியால் கெடுத்தேன் என்று என்னிடமே சொல்லிக் கண் கலங்கினார். சண்டைக்காரர் அழுதால் பார்க்க முடியாது.

ஒரு நாள் மதியம் இட்லிக் கொப்பரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். சஃப்ரீன் கையில் போனோடு ஏணியில் தடதடவென்று இறங்கி வந்து வாப்பாவிடம் காட்டினாள். அவர் படித்தார். மறுபடி படித்தார். நல்ல சேதி வந்தால் மெயினை அணைத்துவிட்டு எல்லாருக்கும் உரக்கச் சொல்வது பாயின் பழக்கம். சஃப்ரீன் பிறந்ததையே அப்படித்தான் சொன்னார். பழக்க தோஷத்தில் கை சுவிட்சுக்குப் போனது. சுவிட்சைத் தொட்டது.

தொட்ட கையை எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒவ்வொரு மிஷினாகப் போய், குனிந்து, ஒவ்வொருவர் காதிலும் சொன்னார். சொன்ன இடத்தில் ஒருவன் சிரித்தான், அடுத்தவன் கண்ணைத் துடைத்தான், யாரும் காலைப் பெடலிலிருந்து எடுக்கவில்லை. கடைசியாக எதிர்ப்பக்கம் என்னிடம் வந்தார். வாழ்நாளெல்லாம் கத்தியே பேசின மனுஷன் என் காதருகே மெதுவாகச் சொன்னார்:

"கோகிலாம்மா, எம் மவளுக்கு சீட்டு கெடச்சிட்டு."

அவர் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தேன். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ராஹில் அடுத்த பையை எடுத்து நூலை வெட்டினான்.