கில்லீன் என்ற பெயரும் அப்பா வரைந்த படமும்

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திவசத்துக்கு வரும் உறவினரின் கைகளில் கொடுக்கும் இந்த நினைவு மலருக்கு, அவருடைய ஒரே பிள்ளை என்ற முறையில் நான் எழுதவேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். அப்பாவின் வாழ்க்கையை எழுதுவது கடினமல்ல. அதில் ஒரு பகுதியை நான் பல வருடங்களாக உங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தேன். அதை ஒப்புக்கொண்டு எழுதுவதுதான் கடினமாக இருக்கிறது.

அப்பா வடமராட்சியில், கரவெட்டியில், ஒரு பள்ளிக்கூட ஆசிரியரின் மூன்றாவது மகனாகப் பிறந்தார். கணக்கிலும் சித்திரத்திலும் கெட்டிக்காரர். நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராகச் சேர்ந்து யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் வேலை பார்த்தார். எங்கள் காணி உறுதிப் பத்திரங்களில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் ஒரு பெயர் இருக்கும் அல்லவா? எல்லை வரையும்போது அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அயலில் உள்ளவர்களிடம் விசாரிக்காமல் அப்பா படத்தை முடிக்கமாட்டாராம். "பேரைக் கேட்டால் நிலம் எப்பிடிக் கிடக்குதெண்டு பாதி தெரிஞ்சிடும்" என்பார்.

போரினால் இடம்பெயர்ந்து நாங்கள் லண்டன் வந்தபோது எனக்கு எட்டு வயது. அப்பாவின் தகைமையை இங்கே யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. சில காலம் பெற்றோல் நிலையத்தில் நின்றார். பிறகு நோர்பரியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த முதியோர் இல்லத்தில் கெயரராகச் சேர்ந்தார். பதினெட்டு வருடம் அங்கே முதியவர்களைக் குளிப்பாட்டினார், உடுப்பு மாற்றினார், உணவு ஊட்டினார். அம்மா காலமான பிறகும் அந்த வேலையை விடவில்லை. அந்த உழைப்பில்தான் நான் சட்டம் படித்தேன். எங்கள் உறவினரில் பலருக்கு அப்பா இங்கே என்ன வேலை செய்தார் என்பது தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் "சேர்வேயில் இருந்தவர்" என்று ஊரில் பார்த்த நில அளவை வேலையை மட்டும் நான் சொல்லிவந்ததே அதற்குக் காரணம்.

அந்த இல்லத்தில் மைக்கல் என்று ஓர் ஐரிஷ்காரர் இருந்தார். இளவயதில் லண்டனுக்கு வந்து வீதி போடும் வேலை செய்தவர். மணம் முடிக்காதவர். காலையில் சாப்பிட்டதைப் பத்து மணிக்கு மறந்துவிடுவார். ஆனால் அயர்லாந்தின் மேற்குப் பக்கத்தில் தான் பிறந்த இடத்தை வயல் வயலாகச் சொல்லுவார். அந்த இடத்தின் பெயர் கில்லீன். அங்கே நிலத்தின் மிகச் சிறிய பிரிவை டவுன்லாண்ட் என்பார்களாம். பேரில் டவுன் இருந்தாலும் ஒரு கடைகூட இராது. எங்கள் குறிச்சி மாதிரி. வடக்கே மரமில்லாத நீண்ட மேடு. அதன் அடிவாரத்தில் கல் மதில்களால் பிரித்த சிறு வயல்கள். தெற்கே சதுப்பு நிலம். அதன் கரிய மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்து அடுப்பெரிப்பார்கள். வயலுக்கும் சதுப்புக்கும் நடுவே ஒரு சிற்றாறு.

அப்பா அவருக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டிக்கொண்டே இதையெல்லாம் கேட்டார். கேட்டதை இடைவேளையில் சாப்பாட்டுப் பட்டியல் அடித்த தாள்களின் பின்பக்கத்தில் வரைந்தார். நூலகத்தில் ஐரிஷ் அகராதி ஒன்றும் எடுத்து வந்தார்.

"கோர்ட் நா கப்பல் எண்டு ஒரு வயல் இருக்காம் பிள்ளை," என்றார் ஒருநாள். "ஆறே முழங்காலளவுதான், அங்க என்னெண்டு கப்பல் வந்தது எண்டு யோசிச்சன். அவையின்ர பாசையில கப்பல் எண்டால் குதிரையாம்."

நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கில்லீன் என்ற பெயர்தான் அவரைப் பல மாதம் அலைக்கழித்தது. ஐரிஷ் மொழியில் காட்டுக்கும் சிறு தேவாலயத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே ஒலியுள்ள இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதியவர்கள் இரண்டையும் 'கில்' என்றே எழுதிவிட்டார்கள். 'ஈன்' என்றால் சிறியது. ஆகவே சிறு காடா, சிறு கோயிலா? அங்கே இரண்டும் இல்லை என்றார் மைக்கல். அப்பா விடவில்லை. ஒவ்வொரு மூலையிலும் என்ன இருக்கிறது என்று விசாரித்தார். ஆற்றங்கரையில் முள்மரங்கள் நிற்கும் ஒரு துண்டை மட்டும் யாரும் உழுவதில்லை என்பதும், பிள்ளைகள் அங்கே விளையாடினால் அடி விழும் என்பதும் தெரியவந்தன.

ஒருநாள் காலை, குளிப்பாட்டும்போது, மைக்கல் தானாகவே சொன்னாராம். அவருக்குப் பின் ஒரு தங்கை பிறந்து இரண்டாம் நாள் இறந்துபோனாள். ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளுக்கு அந்தக் காலத்தில் தேவாலயச் சேமக்காலையில் புதைக்க இடமில்லை. தகப்பன் அவளை ஒரு மரப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோய் அந்த முள்மரங்களுக்குக் கீழே புதைத்தார். அடையாளத்துக்கு ஆற்றுக்கல் ஒன்று, பேர் எதுவும் இல்லை. பிறகு அகராதியைப் புரட்டியபோது, அப்படிப்பட்ட குழந்தைகளைப் புதைக்கும் நிலத்துக்கும் அங்கே கில்லீன் என்றுதான் பெயர் என்று அப்பா கண்டார். வீட்டுச் சுவரிலிருந்து கிணறு எத்தனை காலடி, கிணற்றிலிருந்து முள்மரம் எத்தனை காலடி என்று மைக்கலைக் கேட்டு எழுதி, படத்தில் அந்த இடத்தில் ஒரு சிறு வட்டம் போட்டார்.

எனக்குக் கல்யாணம் பேசி மோர்டனில் மாப்பிள்ளை வீட்டில் விருந்துக்குப் போயிருந்தோம். யாரோ அயர்லாந்துக்குச் சுற்றுலா போன கதை சொன்னார்கள். அப்பா உற்சாகமாகிக் கில்லீனைப் பற்றிக் கதைத்தார். என் மாமியாராகப் போகிறவர், "இவ்வளவும் எப்பிடி அண்ணை தெரியும்?" என்று கேட்டார்.

"நான் வேலை செய்யிற இடத்தில ஒரு..." என்று அப்பா தொடங்கினார்.

"அப்பா நிறைய வாசிக்கிறவர் மாமி," என்று நான் குறுக்கே விழுந்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மாமியைப் பார்த்து, "ஓம், வாசிக்கிறனான்," என்றார்.

மைக்கல் இறந்தபோது, அயர்லாந்தில் உள்ள உறவினருக்குப் போன அவருடைய பொருட்களோடு படத்தின் ஒரு பிரதியையும் அப்பா வைத்து அனுப்பினார். படவரைஞர் வழக்கப்படி அதன் மூலையில் தன் பெயர், விலாசம், தொலைபேசி எண் எல்லாம் எழுதியிருந்தார்.

சில வருடங்களின் பின், அப்பா ஓய்வு பெற்று, இருதய சத்திரசிகிச்சை முடிந்து வீட்டில் இருந்த காலத்தில், அயர்லாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்பாவுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை நானே உடைப்பது வழக்கம். எழுதியவர் மைக்கலின் சகோதரி மகள், மருமகள் முறையான நோரா. கில்லீனில் ஆற்றங்கரை நிலத்தை மரம் வளர்க்கும் ஒரு நிறுவனம் வாங்கியிருக்கிறது. குழந்தைகளைப் புதைத்த இடத்தைக் காட்டினால் அதை விலக்கி நடுவார்கள். ஆனால் இடம் தெரிந்த முதியவர்கள் எல்லோரும் இறந்துவிட்டார்கள். இந்தப் படத்தில் உள்ள வட்டம் அதுதானா, எப்படி அளந்தீர்கள் என்று தயவுசெய்து சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

அதை நான் அப்பாவிடம் கொடுக்கவில்லை. அவருடைய உடல்நிலையை நினைத்துத்தான் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அப்பா அயர்லாந்துக்கு வெளிக்கிட்டுப் போவார், பிறகு எல்லோரிடமும் சொல்லுவார், முதியோர் இல்லக் கதை மாமி வீட்டுக்குப் போய்விடும் என்பதே என் பயம். நோராவுக்கு நானே பதில் எழுதினேன். "என் தந்தை அங்கே ஒரு கெயரர் மட்டுமே. நோயாளியைப் பராக்குக் காட்டக் கீறிய படம் அது. அதை நம்பி எந்த முடிவும் எடுக்கவேண்டாம்." சட்டத்தரணியாகப் பல கடிதங்கள் எழுதியிருக்கிறேன். அவற்றில் இதைப்போல் கீழ்த்தரமான கடிதம் வேறில்லை.

சில கிழமைகளில் அப்பா, மோர்டனில் சிநேகிதர் வீட்டில் மூன்று நாள் நிற்கப் போவதாகச் சொன்னார். இரண்டாம் நாள் அங்கே போன் எடுத்தேன். சிநேகிதர், "அவர் குளிக்கிறார் பிள்ளை. சுகமாய் இருக்கிறார்," என்றார். நானும் வேலையில் மூழ்கி, திரும்ப எடுக்கவில்லை.

அதன் பின் அப்பா இரண்டு வருடம் இருந்தார். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். கடைசியில் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்து, என் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போனார். அந்த நாலு நாளிலும் அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

இறுதிக் கிரியைக்கு நோரா வந்திருந்தார். மோர்டன் சிநேகிதர் சொல்லியனுப்பியிருக்கிறார். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து, மாமியும் பக்கத்தில் நிற்க, நோரா சொன்னார்:

"உங்கள் கடிதம் கிடைத்தும் எனக்கு மனம் கேட்கவில்லை. படத்தில் இருந்த எண்ணுக்குப் போன் எடுத்தேன், அப்பாதான் பேசினார். உங்கள் மகள் இப்படி எழுதியிருக்கிறார் என்றேன். 'மகள் எழுதியது சரி. நான் அங்கே கெயரர்தான். ஆனால் படம் பிழையில்லை' என்றார்."

மோர்டனில் நிற்பதாகச் சொன்ன அந்த மூன்று நாளில் அப்பா ரயிலிலும் கப்பலிலும் தனியாகப் போயிருக்கிறார். நோராவோடு அளவு நாடா பிடித்து மைக்கலின் வீட்டு இடிசுவரிலிருந்து அளந்தபோது, அளவு ஆற்றைத் தாண்டிச் சதுப்புக்குள் போய் நின்றதாம். அப்பா ஒரு மதிலில் குந்தியிருந்து யோசித்தார். "மைக்கல் எண்ணியது ஒரு சின்னப் பிள்ளையின் காலடி," என்று சொல்லி, கணக்கைக் குறைத்துத் திரும்ப அளந்தார். அந்த இடத்தில் முட்பற்றையை வெட்டினால், நிரை நிரையாகச் சிறு கற்கள். அடுத்த கிழமை மரம் நடும் இயந்திரங்கள் வர இருந்தன.

நோரா போனபிறகு மாமியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. "அப்பா கெயர் ஹோமிலதான் வேலை செய்தவர் மாமி," என்றேன்.

"அது எங்களுக்குக் கல்யாணத்துக்கு முதலே தெரியும் பிள்ளை," என்றார் மாமி. "உமக்குச் சொல்ல விருப்பமில்லை எண்டு நாங்கள் கேக்கேல்லை."

இந்தச் சித்திரையில் நான் கில்லீனுக்குப் போனேன். வரிசையாக நட்ட இளமரங்களுக்கு நடுவே ஒரு துண்டு நிலம் வெளியாக இருக்கிறது. நான்கு பக்கமும் வேலி, படலையைத் திறந்து உள்ளே போகலாம். ஒரு முதிய பெண் ஒரு கல்லைச் சுற்றிப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். தன் தமையன் இங்கே எங்கோ இருக்கிறான் என்றும், எது என்று தெரியாதபடியால் ஒரு கல்லைத் தானே தெரிந்தெடுத்ததாகவும் சொன்னார். நான் யார் என்று நோரா சொன்னதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்த நன்றிக்கு எனக்கு உரிமையில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்ல முடியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

அப்பாவின் நோய்க்காலத்தில் பார்த்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கிரியைகளில் தோள்கொடுத்த உறவினருக்கும், எனக்குப் பொய் சொல்லி அப்பாவை வழியனுப்பிய மோர்டன் சிநேகிதருக்கும், என் மாமிக்கும், நோராவுக்கும் நன்றி.

இன்னும் நால்வர் இருக்கிறார்கள். அப்பாவோடு வேலை செய்த அவர்கள், இறுதிக் கிரியையன்று ஷிப்ட் முடித்து அதே வேலை உடுப்போடு வந்து, மண்டபத்தின் கடைசியில் நின்றுவிட்டுப் போனார்கள். நான் கண்டும் போய்க் கதைக்கவில்லை. இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கமுன் அந்த இல்லத்துக்குப் போய் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் யார் என்று சொல்லத் தொடங்க, அவர்களில் மூத்த பெண் சிரித்தபடி தடுத்தார்.

"உங்களைத் தெரியாதா? மகள் சட்டம் படிக்கிறாள், மகள் பாஸ் பண்ணிவிட்டாள் என்று அவர் எங்களுக்குச் சொல்லாத நாளே இல்லை."

நான் என் அலுவலகத்தில் அப்பாவைப் பற்றி ஒரு நாளும், ஒருவருக்கும், ஒரு சொல்லும் சொன்னதில்லை.