பால்கனிக் கதவுக்கு அந்தப் பக்கம்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும், அண்ணனையும் என்னையும் நல்ல பிள்ளைகள் என்று சொல்லாமல் இருந்ததில்லை. அந்தப் பெயர் வந்த விதத்தை எழுதிவிடுகிறேன்.

அம்பாசமுத்திரத்தில் பிறந்த அம்மா, திருமணமாகி டெல்லிக்கு வந்தார். அப்பா இளவயதிலேயே காலமாகிவிட, கருணை அடிப்படையில் கிடைத்த அரசு வேலையை வைத்துக்கொண்டு சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எங்களைத் தனியாளாக வளர்த்தார். ஹிந்தி தெரியாமல் அலுவலகத்தில் பட்ட பாட்டை வீட்டில் சொன்னதில்லை. எங்களை அடித்ததும் இல்லை. சண்டை போட்டால் இருவரையும் பால்கனியில் விட்டு உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிடுவார்.

"அவன் பக்கத்து நியாயத்த நீ சொல்லு, உன் பக்கத்து நியாயத்த அவன் சொல்லட்டும். பொறவு கதவத் தட்டுங்க, திறக்கேன்."

தப்பு யாருடையது என்று கேட்கவே மாட்டார். மே மாதத்தில் கம்பி சுடும். ஜனவரியில் பல் கிட்டும். அண்ணனுக்காக வாதாடுவதைவிட அங்கேயே கிடந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அண்ணனுக்குப் பசி வந்துவிடும்.

இப்படி வளர்ந்ததில் ஒரு சங்கடம் உண்டு. எல்லார் நியாயமும் புரிந்துவிடுவதால் நமக்கென்று கோபப்படவே வராது. டெல்லி துவாரகாவில் என் வீட்டில் அம்மா பக்கவாதத்தால் பேச்சிழந்து படுத்தபோது, அதுவே என்னைக் கட்டிப்போட்டது. அண்ணனுக்குப் புனேயில் வேலை, அவர் என்ன செய்வார்? என் கணவருக்கு விமான நிலையத்தில் ஷிஃப்ட், அவர் என்ன செய்வார்? அம்மாதான் பாவம், என்ன செய்வார்? அந்த அறைக்கும் அடுப்படிக்கும் நடுவே நான் அடைபட்டுக் கிடந்தேன். வாய்விட்டுச் சொன்னால் நல்ல பெண் என்ற பெயர் போய்விடுமே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த அண்ணன், அம்மாவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கலாம் என்றார். நான் முடியவே முடியாது என்றேன். கட்டிலருகிலேயே குரல் உயர்ந்தது. அம்மா தம் இடது கையை மெல்லத் தூக்கிப் பால்கனியைக் காட்டினார்.

"இந்த வயசுலயுமா?" என்று முனகிக்கொண்டே அண்ணன் வந்தார். கீழே பார்க்கிங்கைப் பார்த்தபடியே என் நியாயத்தைச் சொன்னார்.

"இவளால இனிமே முடியாது. முடியலன்னு சொல்ல வாய் வரல. நானா வந்து ஏத்துக்கிடுவேன்னு காத்திருந்திருக்கா."

நான் யாரிடமும் சொல்லாதது அது. அழுதுவிட்டேன். தூரத்தில் இருந்துகொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லையே என்ற உறுத்தல் அவருக்கு என்று நானும் சொன்னேன். கதவு திறந்துதான் இருந்தது, ஆனாலும் தட்டினோம். அம்மா கையசைத்து உள்ளே கூப்பிட்டார்.

அதன்பின் அண்ணன் எங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். நான் வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன். குளிர்காலத்தில் ஒரு காலைப்பொழுதில், நாங்கள் இருவரும் பக்கத்தில் இருக்க, அம்மா அமைதியாகக் கண்மூடினார்.

கடைசி நாட்களில் அம்மாவுக்குத் தம் தாய்க்குச் செய்வதுபோல் பணிவிடை செய்த செவிலிச் சகோதரிக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சமைத்துப் போட்ட அண்டை வீட்டாருக்கும், ஊரிலிருந்து ஓடிவந்த சொந்தங்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

சென்ற வாரம், அம்மாவின் கட்டிலை யாருக்காவது கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று அண்ணனுக்கும் எனக்கும் மறுபடி வாக்குவாதம். இருவரும் பால்கனிக்குப் போனோம். அவர் என் நியாயத்தைச் சொன்னார், நான் அவருடையதைச் சொன்னேன். பிறகு, பழக்கத்தில், கதவைத் தட்டிவிட்டுக் காத்து நின்றோம்.