அடிச்சுவட்டுக்கு ஒரு வரி

எதிர்வீட்டு ரிஸ்வானா ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவர்கள் வீட்டில் கரண்ட் போனால் புத்தகப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். எங்களிடம் இன்வெர்ட்டர் இருக்கிறது. போன சனிக்கிழமை மதியமும் அப்படித்தான் வந்தாள். தமிழ்ப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, செல்போனை அதற்கு மேலே தூக்கிப் பிடித்து, திரையில் தெரிந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள். பொருள் வந்து நின்றது. நோட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்த சொல், அடுத்த விரல். நான் ஒரு கிளாஸ் டீ குடித்து முடிப்பதற்குள் பத்துச் சொல்லையும் முடித்துவிட்டாள்.

"அந்த வரியைப் படிச்சியாம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்குப் பெரியம்மா? மீனிங்தான் வந்துருச்சே."

கேட்டதில் குறும்பு ஒன்றும் இல்லை. நல்ல பிள்ளை. அவள் கேட்ட 'எதுக்கு'க்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலால் எனக்கு ஒரு வேலை போயிருக்கிறது என்பதால், சட்டென்று எடுத்து நீட்டத் துணிச்சல் வரவில்லை. பேச்சை மாற்றி முறுக்கு வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றாள்.

அவள் போனபிறகு பார்த்தால் புத்தகத்தை விட்டுவிட்டுப் போயிருந்தாள். மேலட்டையின் ஓரத்தில் பசை காய்ந்து பொருக்காக நின்றது. எடுத்து மோந்து பார்த்தேன். இந்த வயதில் இப்படிச் சில கிறுக்குத்தனங்கள் சேர்ந்துவிடுகின்றன, கண்டுகொள்ளாதீர்கள். கடைப் பசை, ஒரு வாசனையும் இல்லை. நாங்கள் ஒட்டிய பசைக்கு வாசனை உண்டு. புளித்த சோற்று வடிகஞ்சியில் லேசாக எண்ணெய் கலந்தது போல ஒரு வாசனை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு சின்னாளபட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓராண்டுக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. ஒரு டீச்சர் ஓய்வு பெற்றுக் காலியான இடம். ஆண்டு முடிவதற்குள் கல்வி அதிகாரி வந்து வகுப்பைப் பார்த்து நல்லபடியாக எழுதிவிட்டால் அந்த இடம் எனக்கே என்று நிர்வாகத்தார் சொல்லியிருந்தார்கள். எங்கள் அத்தா தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று நின்று கால்விரல் இடுக்கெல்லாம் புண்ணாகிப் போனவர். மகள் டீச்சர் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு அம்புட்டு சந்தோஷம். எனக்கும் அந்த வேலை வேண்டும். இருபத்திரண்டு வயதில் வேறெதையும் நான் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

காலையில் பஸ் தோல் ஷெட்டுகள் நிறைந்த எங்கள் பேகம்பூரைத் தாண்டும்போது வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். பிறந்ததிலிருந்து அந்தத் தோல் வாசனையிலேயே இருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியாது. சின்னாளபட்டியில் இறங்கினால் நான் மூக்கைப் பொத்துவேன், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. தெரு நீளத்துக்குத் தறிக்கான பாவு நூலை விரித்துக் கட்டி, நூல் விறைப்பாக நிற்பதற்காகப் புளித்த கஞ்சி தடவிக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போக அந்தப் பாவுக்கு அடியில் குனிந்துதான் போகவேண்டும். முதல் வாரம் அவசரப்பட்டு நிமிர்ந்துவிட்டேன். முக்காடெல்லாம் கஞ்சி. வகுப்புக்குள் போனபோது முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டு, உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் ஆசிரியப் பணி அப்படித்தான் தொடங்கியது.

ஐந்தாம் வகுப்பு. பாடத்தின் கடைசியில் கட்டம் போட்டு அருஞ்சொற்பொருள் கொடுத்திருக்கும். எனக்கு என் டீச்சர் எப்படிச் சொல்லிக்கொடுத்தாரோ அப்படியே நானும் ஒப்பிக்கச் சொன்னேன். பிரம்பும் வைத்திருந்தேன், பொய் சொல்வானேன். ஒருநாள் 'மிதியடி' என்று வந்தது. "மிதியடி, காலணி" என்று முப்பத்தெட்டுக் குரலும் கூரையைத் தூக்கின. என்ன தோன்றியதோ, காலணி என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எல்லாரும் ஒரே குரலில், "மிதியடி டீச்சர்."

சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வெறுங்காலோடு உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளைக்கும் அது செருப்பு என்று தெரியவில்லை. அதுவரை ஆறு மாதமாக நான் சொல்லிக்கொடுத்தது என்ன என்று எனக்கே விளங்கிவிட்டது. அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் பழைய செய்தித்தாளைப் பட்டை பட்டையாகக் கத்தரித்துக் கொண்டுபோனேன். எல்லாப் புத்தகத்திலும் அருஞ்சொற்பொருள் கட்டத்தின் மேல் ஒட்டி மறைத்துவிடுவதென்று திட்டம். பசைக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, "எங்க வீட்டுல இருக்கு டீச்சர்" என்று ஒரு பிள்ளை ஓடினாள். சௌடம்மா என்று பெயர். ஒல்லியாக, எண்ணெய் வழியும் இரட்டைச் சடையோடு இருப்பாள். ஒரு தூக்குச்சட்டி நிறையப் பாவுக்கஞ்சி கொண்டுவந்தாள். முப்பத்தெட்டுப் புத்தகத்தையும் ஒட்டினோம். வெயிலில் காயவைத்தோம். பாவு நூலையே விறைக்கவைக்கிற கஞ்சி காகிதத்தை என்ன செய்யும் என்று நெசவாளி வீட்டுப் பிள்ளை எவளிடமாவது கேட்டிருக்கலாம். நான் டீச்சர் அல்லவா, கேட்பேனா?

அதன் பிறகு எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் வந்தது. தெரியாத சொல் வந்தால் அதன் மேல் கையை வைத்து மறைக்கவேண்டும். அந்த வரியை மறுபடி வாசிக்கவேண்டும். முன்வரி, பின்வரி இரண்டையும் பார்க்கவேண்டும். பிறகு கையை எடுத்துவிட்டு, சொல்லை இரண்டாகப் பிரித்து, எந்தப் பாதி தெரிந்த பாதி என்று பார்க்கவேண்டும். அதுவரை பக்கத்தில் இருப்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அந்தக் கடைசி விதியைக் காப்பாற்றுவதுதான் எனக்கே கஷ்டமாக இருந்தது. நாக்கு நுனியில் விடையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பதை எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித்தருவதில்லை.

'மலைமுகடு' என்று ஒரு சொல் வந்தது. மலைமுகட்டில் மேகம் தங்கியிருந்தது என்று வரி. மலையோட முகம் என்றான் ஒருவன். முகத்தில் மேகம் தங்குமா என்றாள் ஒருத்தி. ஏன் தங்காது, தினமும் தங்குகிறதே என்று அவன் ஜன்னலைக் காட்டினான். சிறுமலை அங்கே நின்றது, அவன் சொன்னபடியே மேகத்தோடு. வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை. சௌடம்மா மட்டும் பின்வரியிலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் ஏறிய பின் அவர்கள் மலைமுகட்டை அடைந்தார்கள் என்று அந்த வரி சொன்னது. ஏறி ஏறிக் கடைசியில் போய்ச் சேருகிற இடம் உச்சியாகத்தானே இருக்கவேண்டும் என்று அவளே சொல்லி, அவர்கள் வீட்டில் மழைக்கு ஒழுகுவதும் முகட்டு ஓடுதான் என்று சாட்சியும் வைத்தாள். முகம் என்றவன் தலையைச் சொறிந்தான்.

அந்த ஊரில் நிறையப் பிள்ளைகளுக்கு வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ். பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது பாதித் தமிழை அவர்கள் இப்படி அக்கம்பக்கம் பார்த்து ஊகித்துத்தான் பிடித்திருந்தார்கள். நான் புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. அவர்களிடம் ஏற்கெனவே இருந்த பழக்கத்தை, பிரம்பை வைத்து நான்தான் நடுவில் கெடுத்திருந்தேன்.

மார்ச் மாதத்தில் அதிகாரி வந்தார். முந்தின நாளே பெரிய சார், அதாவது எங்கள் தலைமையாசிரியர், புத்தகங்களைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். ஒட்டியதைப் பிய்க்கச் சொன்னார். ஒரு புத்தகத்தில் மெல்ல நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். பட்டையோடு அடியில் இருந்த அச்சும் சேர்ந்து வந்துவிட்டது. கஞ்சி அப்படிப் பிடித்திருந்தது. மற்றதைத் தொடவேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதிகாரி கெட்டவர் இல்லை. அன்றைக்கு அது அவருக்கு மூன்றாவது பள்ளிக்கூடம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் அவருடைய புத்தகம் இருந்தது, பட்டை ஒட்டாத புத்தகம். அருஞ்சொற்பொருள் கட்டத்தைப் பார்த்து சௌடம்மாவை எழுப்பினார்.

"அடிச்சுவடு. பொருள் சொல்லு."

சௌடம்மா எழுந்து நின்றாள். அவருக்குப் பின்னால் நின்ற பெரிய சார் தன் காலைச் சுட்டிக் காட்டி, வாயை அசைத்து, ஊமைக் கூத்தே நடத்தினார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அதிகாரி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பணிவாகக் கேட்டாள்.

"எந்த வரியில வருது சார்?"

அவர் புரியாமல், பொருளைச் சொல் என்றார் மறுபடியும். "வரி வேணும் சார்" என்றாள். உட்காரச் சொல்லிவிட்டு அடுத்தவனை எழுப்பினார். அவனும் வரி கேட்டான். மூன்றாவது, நான்காவது பிள்ளையும் அதையே கேட்டார்கள். கடைசியாக எழுந்தவன், முகம் என்று சொன்ன அதே பையன், நீங்களே ஒரு வரி சொல்லுங்களேன் சார் என்று உதவி வேறு செய்யப் பார்த்தான். வாய் திறந்து ஒரே ஒரு வரி நான் சொல்லியிருந்தால் போதும், முப்பத்தெட்டுக் கையும் மேலே போயிருக்கும். வகுப்பில் மற்றவர் யோசிக்கும்போது பேசக் கூடாது என்ற என் விதியே என் வாயைக் கட்டிவிட்டது என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. பயந்துவிட்டேன்.

வெளியே வந்து கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்ட பிறகுதான் அதிகாரி என்னிடம் பேசினார். நான் செய்ததையெல்லாம் திக்கித் திணறிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"கேக்க நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா பரீட்சைத் தாள்ல வரி இருக்காதே. என்ன செய்வாக?"

அந்தக் கேள்விக்கு விடையை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன் என்றால் நம்புவீர்களா? மாணவர்களுக்குச் சொற்பொருள் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். அவர் பார்த்தது அதுதான். ஏப்ரல் முதல் வாரத்திலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். அன்று இரவு சாப்பாட்டில் அத்தா தன் தட்டிலிருந்த கறித்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். அதற்குத்தான் அழுதேன். பிறகு திண்டுக்கல்லிலேயே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து முப்பது வருஷம் ஓட்டினேன். அங்கே யார் புத்தகத்திலும் நான் எதையும் ஒட்டவில்லை.

வேலை போன அந்த வருஷம் ஜூன் மாதமோ ஜூலையோ, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் சௌடம்மாவைப் பார்த்தேன். அவளுடைய அம்மா கடைக்குக் கொடுக்கவேண்டிய சேலை மூட்டையை இறக்கிவைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். பிள்ளை ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் போன பிறகு வந்த டீச்சர் பட்டையைப் பிய்க்கச் சொன்னாராம். அச்சும் சேர்ந்து வந்துவிட்டதாம். பிறகு எல்லாப் பொருளையும் போர்டில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைத்தாராம். பரீட்சையில் அவளுக்கு நல்ல மார்க். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

"இப்ப அடிச்சுவடு தெரியும் டீச்சர். காலடித் தடம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா அதுக்கு வரி யாருமே சொல்லல."

என் பஸ் கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்திலேயே ஒரு வரி சொன்னேன். காணாமற்போன ஆட்டின் அடிச்சுவட்டைப் பார்த்துக்கொண்டே அவன் ஓடைக்கரை வரை போனான். சாதாரண வரிதான். அவசரத்தில் வேறு என்ன வரும்?

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்டக்டர் விசில் அடித்தார், முறுக்குக்காரர் கூவினார், அவளுடைய அம்மா மூட்டையைத் தூக்கச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் அசையவில்லை. நான் இந்தத் தடவை பயப்படவில்லை, பேசவும் இல்லை. பஸ் போய்விட்டது.

"எங்கய்யா சாயப்பட்டறையிலருந்து வந்தா நடையில செவப்பு செவப்பாக் கால் விழுந்து கெடக்கும் டீச்சர். அதப் பாத்துக்கிட்டே போனா அடுப்படியில இருப்பாரு. அதுதான?"

அதுதான் என்றேன். அவள் முகத்தைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகள் சரியான விடை சொல்லிப் பார்த்துவிட்டேன். உடனே சொல்வார்கள், இப்போது அதைவிட உடனே. ஆனால் ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தன் வீட்டு நடை வரை போய்த் திரும்பி வந்த பிள்ளையின் முகத்தை, அன்றைக்குப் பிறகு நான் பார்க்கவில்லை.